வாசலில் நின்ற ஆறு பேரும், அதை மறக்காத ஓர் இதழும்

அறிவியல் புனைகதை இதழ் என்று சொல்லி ஒன்றை உங்கள் கையில் கொடுக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் விண்கலம் இல்லை, செவ்வாய் கிரகத்து ஆசாமிகள் இல்லை, கதை என்று ஒன்றுகூட இல்லை. ஒருவர் 1939இல் நியூயார்க்கில் ஒரு மண்டபத்து வாசலில் நடந்த தகராறை ஐம்பது வருஷம் கழித்து விவரிக்கிறார். இன்னொருவர் பெல்ஃபாஸ்ட்டில் ஒரு வீட்டு மாடியில் நண்பர்கள் கூடி அடித்த லூட்டியை எழுதுகிறார். கடைசிப் பக்கங்கள் முழுக்கக் கடிதங்கள். போன இதழில் அவர் சொன்னது தப்பு, அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன் என்கிற ரகம்.

அமெரிக்காவில் 1982 முதல் 2003 வரை, 30 இதழ்கள் வந்த ‘மிமோசா’ இப்படிப்பட்டதுதான். ரிச் லிஞ்ச், நிக்கி லிஞ்ச் என்ற தம்பதி நடத்தியது. டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் ஆரம்பித்து, பிறகு மேரிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹ்யூகோவைச் சிறந்த ரசிகர் இதழுக்காக ஆறு முறை வாங்கியது. எழுத்தாளர்களைப் பற்றி எழுதியதற்காக இல்லை. ரசிகர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி வைத்ததற்காக.

ரசிகர்களுக்கு வரலாறா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விளங்கும்.

1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. விருதுக்கு ‘ஹ்யூகோ’ என்று பெயர் வந்ததும் இவரால்தான். அவர் இதழில் வாசகர் கடிதப் பகுதி ஒன்று இருந்தது. எல்லாப் பத்திரிகையிலும் இருப்பதுதானே? இருக்கலாம். ஆனால் இங்கே கடிதம் எழுதியவரின் பெயருக்குக் கீழே தெரு, கதவு எண்ணோடு முழு விலாசத்தையும் அச்சிட்டார்கள். அந்த ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி. ஊரில் தன்னைத் தவிர வேறு யாருமே இந்தக் கதைகளைப் படிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன், நாலு தெரு தள்ளி இன்னொருவன் இருக்கிறான் என்று கண்டுபிடித்தான். பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம் சந்தித்தார்கள், சங்கம் வைத்தார்கள். சங்கம் வைத்தால் சண்டை வராமல் இருக்குமா?

இப்படி உருவான கூட்டத்துக்குத்தான் ‘ஃபேண்டம்’ என்று பெயர். ரசிகர் உலகம் என்று வைத்துக்கொள்வோம். சினிமா ரசிகர் மன்றத்தை மனதில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தப்பாகப் போகும். மன்றத்துக்கு நடுவில் ஒரு நட்சத்திரம் உண்டு. இங்கே நடுவில் யாரும் கிடையாது. எழுத்தாளரும் வாசகரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாதம் செய்வார்கள். நேற்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் நாளைக்குப் பத்திரிகை ஆசிரியராகிவிடுவார்.

கடிதங்கள் பெருகியபோது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரே விஷயத்தைப் பத்து நகல் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. ரசிகர் இதழ் இப்படித்தான் பிறந்தது. 1930 மே மாதம் ரே பால்மர் ஆசிரியராக இருந்து வெளியிட்ட ‘தி காமெட்’டை முதல் இதழாகச் சொல்வார்கள். ‘ஃபேன்சீன்’ என்ற சொல்லுக்கு இன்னும் பத்து வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1940 அக்டோபரில் ரஸ்ஸல் ஷோவனே என்ற ரசிகர் தன்னுடைய இதழில் அந்தச் சொல்லைப் போட்டார். அதற்கு முன்னால் ‘ஃபேன்மேக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதுச் சொல் நாக்குக்குச் சுளுவாக இருந்தது போலிருக்கிறது, ஒட்டிக்கொண்டுவிட்டது.

காசு? இதில் காசு பார்த்தவர் யாரும் இல்லை. பல இதழ்களின் முதல் பக்கத்தில் விலைக்குப் பதிலாக ‘வழக்கமானவை’ என்று பொருள்படும் ஒரு சொல்தான் இருக்கும். இதழைப் படித்துக் கருத்து எழுது, கட்டுரையோ படமோ கொடு, அல்லது நீ நடத்தும் இதழை எனக்கு அனுப்பு. இவற்றில் ஏதாவது ஒன்று செய்தால் அடுத்த இதழ் தபாலில் வந்துவிடும். கருத்துக் கடிதத்துக்கு ‘லாக்’ என்று பெயர். அச்சில் தன் பெயரைப் பார்த்து ஏற்படும் குளிர்ச்சிக்கு ‘ஈகோபூ’ என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருந்தார்கள். அதுதான் சம்பளம் என்பதை அவர்கள் மறைக்கவே இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இதழ்களைத் தயாரித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வரலாற்றில் பாதி அந்தத் தாளின் தலையெழுத்தோடு போய்விட்டது. வசதி இல்லாதவர்கள் ஜெலாட்டின் முறையில் நகல் எடுத்தார்கள். ஒரு தட்டில் ஜெலாட்டினைக் காய்ச்சி ஊற்றி உறைய விடுவார்கள். ஊதா மையில் எழுதிய தாளை அதன் மேல் அழுத்தினால் மை ஜெலாட்டினில் இறங்கிவிடும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து எடுக்க வேண்டும். ஐம்பது நகலுக்குள் மை தீர்ந்து எழுத்து வெளிறிவிடும். கைவிரல் எல்லாம் ஊதா. வெளிச்சம் பட்டால் எழுத்து மங்கும், வருஷம் போகப் போகக் காணாமலே போகும்.

அடுத்த படி சைக்ளோஸ்டைல். பள்ளிக் கேள்வித்தாளை இந்த மெஷினில் உருட்டி எடுத்த காலத்தில் படித்தவர்களுக்கு அந்த மை வாசனை ஞாபகம் இருக்கும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளை, ரிப்பன் இல்லாத டைப்ரைட்டரில் செருகித் தட்டினால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அதை மை உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றினால் நூற்றுக்கணக்கில் நகல் வரும். தப்பாக அடித்துவிட்டால் நகப்பூச்சு மாதிரி ஒரு திரவத்தைத் தடவி, காயவைத்து, அதன்மேல் திரும்ப அடிக்க வேண்டும். அந்தத் திருத்தத் திரவத்துக்கு ரசிகர்கள் வைத்த சுருக்கப் பெயர் ‘கார்ஃப்ளூ’. 1984இல் ரசிகர் இதழ்காரர்களுக்கென்றே ஒரு மாநாடு தொடங்கியபோது அதற்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அடித்து முடித்த பக்கங்களை மேஜை முழுக்க வரிசையாக அடுக்கி, மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்து, ஸ்டேப்பிள் அடித்தால் இதழ் தயார்.

ஸ்டேப்பிள் என்றதும் ஒரு கிளைக்கதை. 1930களின் நடுவில் பாப் டக்கர் என்ற ரசிகர், அறிவியல் புனைகதை இதழ்களில் கம்பி ஸ்டேப்பிள் அடிப்பதை ஒழிப்பதற்காக ஒரு சங்கத்தைக் கிண்டலாகத் தொடங்கினார். உடனே டொனால்ட் வோல்ஹைம் என்ற இன்னொரு ரசிகர் உலோக ஸ்டேப்பிளைக் காப்பாற்ற எதிர்ச் சங்கம் வைத்தார். இரண்டு சங்கத்துக்கும் வாயில் நுழையாத நீளத்தில் பெயர். பத்திரிகைக் கடிதப் பகுதியில் போர் நடந்தது. கடைசியில் டக்கர் செத்துப்போய்விட்டார் என்று யாரோ எழுதிப்போட, பத்திரிகை அதை நம்பி அச்சிட்டுவிட்டது. டக்கர் உண்மையில் காலமானது 2006இல், 91 வயதில்!

சிரிப்பாக இருக்கிறதல்லவா? இதே வோல்ஹைம்தான் 1939இல் வாசலில் நிறுத்தப்பட்ட ஆறு பேரில் ஒருவர். ரசிகர் வரலாறு என்றால் என்ன, அது எப்படி எழுதப்படுகிறது என்பதற்கு அந்தச் சம்பவத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

1939இல் நியூயார்க்கில் உலகக் கண்காட்சி நடந்தது. அதை ஒட்டி ரசிகர்கள் தங்கள் மாநாட்டுக்கும் ‘உலக’ என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜூலை 2ஆம் தேதி, மன்ஹாட்டனில் கேரவன் ஹால். வந்தவர்கள் சுமார் 200 பேர். மாநாட்டுத் தலைவர் சாம் மாஸ்கோவிட்ஸ். அவருக்கு 19 வயது முடிந்து இரண்டே நாள் ஆகியிருந்தது. அவரோடு ஜேம்ஸ் டாராசி, வில்லியம் சைக்கோரா.

எதிர் அணிக்கு ‘ஃப்யூச்சரியன்ஸ்’ என்று பெயர். நியூயார்க்கிலேயே இருந்த இளைஞர் கூட்டம். அவர்களில் சிலர் தீவிர இடதுசாரிகள். அறிவியல் புனைகதை படிப்பவன் உலகத்தை மாற்றவும் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நாங்கள் கதை படிக்க வந்தோம், அரசியலை வெளியே வை என்பது மாஸ்கோவிட்ஸ் தரப்பு. சங்கம் உடைப்பது, ஒருவரை ஒருவர் இதழில் கிழிப்பது என்று ஏற்கெனவே வருஷக்கணக்கில் பகை புகைந்துகொண்டிருந்தது.

அன்று மண்டபத்தில், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு அடியில் ஒளித்து வைத்த துண்டுப் பிரசுரக் கட்டு ஒன்று அமைப்பாளர்கள் கையில் சிக்கியது. மாநாட்டைச் சர்வாதிகாரிகள் நடத்துகிறார்கள், எச்சரிக்கை என்கிற தொனியில் எழுதியது. இது ஃப்யூச்சரியன்களின் வேலைதான் என்று முடிவு செய்து வாசலில் மறித்தார்கள். வோல்ஹைம், ஃப்ரெடெரிக் போல், ஜான் மிஷெல், ராபர்ட் லோண்டஸ், ஜாக் கில்லெஸ்பி, சிரில் கார்ன்ப்ளூத் ஆகிய ஆறு பேரும் உள்ளே போக முடியவில்லை. கார்ன்ப்ளூத்துக்கு அன்றைக்குத்தான் பதினாறாவது பிறந்தநாள். அதே கூட்டத்தைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் எப்படியோ உள்ளே போய்விட்டார், நண்பர்கள் வெளியே நிற்கிறார்களே என்ற உறுத்தலோடு.

விஷயம் இவ்வளவுதான். ஓர் ஊர்த் திருவிழாவில் இதைவிடப் பெரிய தகராறு நடக்கும். ஆனால் வெளியே நின்ற பையன்கள் யார் என்று பாருங்கள். வோல்ஹைம் பின்னாளில் டா புக்ஸ் என்ற பதிப்பகத்தை நிறுவினார். போல், கேலக்சி இதழின் ஆசிரியர் ஆனார், பெரிய எழுத்தாளரும் ஆனார். கார்ன்ப்ளூத் அவரோடு சேர்ந்து எழுதிய நாவல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. ஆக, சம்பந்தப்பட்ட எல்லோருமே எழுதத் தெரிந்தவர்கள். யாரும் சும்மா இருக்கவில்லை.

முதலில் எழுதியவர் மாஸ்கோவிட்ஸ். லாங்லி சியர்ல்ஸ் நடத்திய ‘ஃபேண்டஸி கமென்டேட்டர்’ என்ற ரசிகர் இதழில் 1945 முதல் 1952 வரை தொடராக வந்தது. 1954இல் ‘தி இம்மார்ட்டல் ஸ்டார்ம்’ என்று புத்தகமாயிற்று. தான் செய்ததையும் ‘மாஸ்கோவிட்ஸ் செய்தார்’ என்று படர்க்கையில் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில், ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தால் ஆறு பேரையும் உள்ளே விட்டிருப்பார்கள். பதின்வயதுப் பையன்களின் சங்கச் சண்டையை ராஜ்ஜியங்களின் வீழ்ச்சி மாதிரி எழுதியிருக்கும் புத்தகம் அது. இரண்டாம் உலகப்போர் வரலாற்றைப் படித்த கையோடு இதை எடுத்தாலும் சப்பென்று இருக்காது என்று பின்னால் வந்த இன்னொரு வரலாற்றாசிரியர் கேலி செய்தது இந்த வட்டத்தில் பிரசித்தம்.

அப்புறம் 1977இல், அந்தக் கூட்டத்தில் பிறகு வந்து சேர்ந்த எழுத்தாளர் டேமன் நைட் ஃப்யூச்சரியன்ஸ் பற்றித் தனிப் புத்தகம் போட்டார். 1978இல் போல் தன் நினைவுகளை எழுதினார். அவர்கள் பக்கத்து நியாயம் அவற்றில் வந்தது. சரி, அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுதியது யார்? டேவ் கைல் என்ற ரசிகர். தடுக்கப்பட்ட ஆறு பேரில் அவர் இல்லை! சாவகாசமாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தார். அவரே 1989இல், சம்பவத்தின் பொன்விழா ஆண்டில், தன் தரப்பை விரிவாக எழுதினார். எழுதிய இடம்தான் ‘மிமோசா’, ஆறாவது இதழ்.

ரசிகர் வரலாற்று இதழின் வேலை இதுதான் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். புத்தகம் ஒரு குரலில் பேசி முடித்துவிடும். இதழில் நாலாவது சாட்சி, ஐந்தாவது சாட்சி என்று கூண்டு ஏறிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த இதழின் கடிதப் பகுதியில் குறுக்கு விசாரணை நடக்கும். நாள் தவறா, ஆள் தவறா, அந்த அறையில் அவர் இருந்தாரா இல்லையா என்று தட்டிக் கேட்பதற்கு அன்றைக்கு அங்கே இருந்தவர்களே உயிரோடு இருந்தார்கள், சந்தா இல்லாமலே இதழைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் மாநாடு எது என்ற பட்டிமன்றமும் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ரயிலேறி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய், அங்கிருந்த ரசிகர்களை ஒரு வீட்டில் சந்தித்தார்கள். இதையே மாநாடு என்று அறிவித்துவிட்டார்கள். 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முன்கூட்டியே அறிவித்து, மண்டபம் பிடித்து ஒரு கூட்டம் நடந்தது. பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஆர்தர் கிளார்க் வந்திருந்தார். மொத்தம் இருபது பேர்கூட இல்லை. அமெரிக்கர்கள் ஃபிலடெல்ஃபியா என்பார்கள், பிரிட்டிஷ்காரர்கள் லீட்ஸ் என்பார்கள். என் ஓட்டு லீட்ஸுக்கு. நாலு பேர் வீட்டுக்கு வந்ததை மாநாடு என்றால் எங்கள் வீட்டில் மாதம் இரண்டு நடக்கிறது.

இந்தத் துறையின் பெரியவர் என்று ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் ஹாரி வார்னரைத்தான் சொல்வேன். உலகப்போர் ஒப்பீட்டைச் செய்தவரும் இவர்தான். மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுன் என்ற சிறிய ஊரில் செய்தித்தாள் வேலை. ஊரைவிட்டு அதிகம் நகரமாட்டார், மாநாடுகளுக்கும் அபூர்வமாகத்தான் போவார். ‘ஹேகர்ஸ்டவுன் துறவி’ என்று பட்டப்பெயர். ஆனால் கையில் கிடைத்த இதழுக்கெல்லாம் கருத்துக் கடிதம் எழுதிவிடுவார். பல புது ஆசிரியர்களுக்கு முதல் இதழுக்கு வந்த முதல் கடிதம் அவருடையதாக இருக்கும். பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த இதழ்களை வைத்துக்கொண்டு 1940களின் ரசிகர் வரலாற்றை ‘ஆல் அவர் யெஸ்டர்டேஸ்’ என்று 1969இல் எழுதினார். 1950களைப் பற்றி எழுதிய அடுத்த தொகுதி முதலில் ரசிகர் இதழ் மாதிரி நகலெடுத்துத்தான் வந்தது. 1992இல் அது கெட்டி அட்டைப் புத்தகமானபோது பதிப்பித்தவர் ரிச் லிஞ்ச். அடுத்த வருஷம் அதற்கு ஹ்யூகோ கிடைத்தது. சண்டையில் எந்தப் பக்கமும் நிற்காமல் தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதியதால், மாஸ்கோவிட்ஸின் புத்தகத்தில் அடிக்கும் அனல் இதில் இல்லை. அதற்காகவே சிலருக்கு அது கொஞ்சம் மந்தமாகத் தோன்றலாம்.

இப்படிப்பட்ட வரலாற்றை எவ்வளவு நம்பலாம்? பார்த்துத்தான் நம்ப வேண்டும். விளையாட்டுக்கு ஆளையே உருவாக்கும் பழக்கம் இவர்களிடம் உண்டு. 1950களில் கார்ல் பிராண்டன் என்ற கறுப்பின ரசிகர் அருமையான நையாண்டிக் கட்டுரைகள் எழுதினார். எல்லோரும் அவரை ரசித்தார்கள். அப்படி ஓர் ஆளே இல்லை. டெர்ரி கார் என்ற இளைஞரும் நண்பர்களும் கிளப்பிய கற்பனை. அதே காலத்தில் பிரிட்டனில் ஜோன் கார் என்ற பெண் ரசிகரை ஓர் ஆண் ரசிகர் உருவாக்கி உலவ விட்டார். பிற்காலத்தில் ஒருவர் பழைய இதழ்களை மட்டும் வைத்து வரலாறு எழுத உட்கார்ந்தால், இந்த இரண்டு பேருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதிவிடக்கூடும்.

அப்படியானால் உண்மையில் இருந்த கறுப்பினத்தவரும் பெண்களும் என்ன ஆனார்கள் என்ற கேள்வி தானாக வரும். 1939 மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகர் எதிர்காலத்து மனிதன் மாதிரி உடையணிந்து வந்தார் என்று எல்லா இடத்திலும் இருக்கும். வேடமிட்டு மாநாட்டுக்கு வரும் பழக்கம் அங்கிருந்து தொடங்கியது என்றும் சொல்வார்கள். அந்த உடையைத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். மொரோஜோ என்ற பெயரில் ரசிகர்களிடையே அறிமுகமானவர். அவரும் அன்று அதே பாணி உடையில்தான் வந்திருந்தார், ஆக்கர்மனோடு சேர்ந்து இதழும் நடத்தினார். அவர் பெயர் வெகுகாலம் அடிக்குறிப்பாகவே கிடந்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அவர்கள் ஞாபகத்தில் யார் இருந்தார்களோ அவர்கள் வரலாற்றில் இருந்தார்கள்.

பழைய இதழ்களில் மிஞ்சியவை இப்போது பல்கலைக்கழகங்களில் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. அயோவா பல்கலைக்கழகத்திலும், கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் வளாகத்திலும் பெரிய தொகுப்புகள் உண்டு. மட்டமான தாள் என்பதால் தொட்டால் உதிர்கிறது. ஸ்டேப்பிள் துருவேறித் தாளைத் தின்றிருக்கிறது. டக்கர் அன்றைக்கே சொன்னார்.

‘மிமோசா’வை முதல் தடவை படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முன்பக்கத்திலிருந்து போக வேண்டாம். பெயர்கள் மூச்சுமுட்ட வைக்கும், யார் எவர் என்று தெரியாமல் பத்து பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள், கைல் எழுதியதாகவே இருக்கட்டும். படித்து முடித்ததும் நேராக ஏழாவது இதழின் கடிதப் பகுதிக்குப் போய்விடுங்கள்.